தண்ணீரில் தெரிந்த கொரோனா: ஆய்வகத்துக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்?

2020 பிப்ரவரி. அமெரிக்க மாநிலங்களின் பொதுச் சுகாதார ஆய்வகங்களுக்கு அட்லாண்டாவிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே இருந்தது புதிய கொரோனா வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கிட். தயாரித்தது சிடிசி, அதாவது அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டுத் தலைமையகம். உலகத்தில் பாதி நாடுகள் சந்தேகம் வந்தால் போய்க் கேட்கும் இடம் அது. அங்கிருந்து வந்த பொருளைப் பிரித்ததும் நோயாளியின் மாதிரியை ஏற்றி ஓட்டிவிடலாம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்போம். ஆய்வகத்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. வைரஸ் இருக்கவே முடியாத சுத்தமான தண்ணீரை முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். பல ஊர்களில் அந்தத் தண்ணீருக்கும் பாசிட்டிவ் காட்டியது கருவி.

பிப்ரவரி 12ஆம் தேதி, கிட்டில் கோளாறு இருப்பதை சிடிசி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. காரணம் பிற்பாடு தெரிந்தது. கிட்டின் ஒரு பாகத்தில் தயாரிப்பின்போதே செயற்கை மரபணுத் துணுக்கு கலந்திருந்தது. இன்னொரு பாகம் வடிவமைப்பிலேயே தவறு. அதிலிருந்த மூலக்கூறுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு, வைரஸ் இருப்பது போன்ற பொய்ச் சைகையைத் தந்தன. அதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. பொதுச் சுகாதார ஆய்வகங்களின் சங்கமான ஏபிஹெச்எல், எங்கள் சொந்தப் பரிசோதனையை நாங்களே செய்துகொள்ள விடுங்கள் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதியது. அனுமதிக் கதவு திறந்தது பிப்ரவரி 29 அன்று.

இந்தக் கதையை சிடிசிக்கு நேர்ந்த தலைகுனிவாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் எனக்கு அதன் மறுபாதிதான் முக்கியமாகப் படுகிறது. தலைமையகமே அனுப்பியிருந்தாலும் நான் சரிபார்க்காமல் ஓட்ட மாட்டேன் என்று ஐம்பது இடங்களில் உட்கார்ந்திருந்த அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பிடிவாதமான அந்தச் சந்தேகத்தை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கல்லூரி சொல்லிக்கொடுக்கவில்லை என்பது நிச்சயம். நுண்ணுயிரியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லூரி ஆய்வகத்தில் கன்ட்ரோல், அதாவது முடிவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி, சொதப்பினால் நாளைக்கு இன்னொரு தடவை செய்துகொள்ளலாம், அதிகபட்சம் கொஞ்சம் மதிப்பெண் போகும். முனைவர் பட்ட ஆராய்ச்சியிலும் அப்படித்தான். பத்து முறை தவறி, பதினோராவது முறை கிடைத்த முடிவு கட்டுரையாகும். பொதுச் சுகாதார ஆய்வகத்தில் பதினோராவது முறை என்று ஒன்று கிடையாது. அங்கிருந்து போகும் ஒரு வரி முடிவு ஓர் உணவகத்தை மூடும், ஒரு குழந்தையை அன்றிரவே மருத்துவமனைக்கு வரவழைக்கும், ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கும்.

மருத்துவமனை ஆய்வகத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி வரும். மருத்துவமனை ஆய்வகம் இந்த நோயாளிக்கு என்ன என்று பார்க்கிறது. பொதுச் சுகாதார ஆய்வகம், இவருக்கு வந்ததும் இருநூறு மைல் தள்ளி இன்னொருவருக்கு வந்ததும் ஒன்றுதானா என்று பார்க்கிறது. வேலை பழையதுதான். 1890களின் தொடக்கத்தில், காலரா பயத்தில் நியூயார்க் நகரம் ஒரு பாக்டீரியா ஆய்வகத்தைத் தொடங்கியது. ஹெர்மன் பிக்ஸ் அதை நடத்தினார், வில்லியம் பார்க் தொண்டை அடைப்பான் பரிசோதனையை ஏற்றுக்கொண்டார். அவர்கள் செய்த ஏற்பாடு இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. மாதிரி எடுக்கும் குழாய்கள் நகரத்து மருந்துக் கடைகளில் இருக்கும். டாக்டர் ஒன்றை வாங்கிப் போய்க் குழந்தையின் தொண்டையில் தடவி, திரும்பக் கடையிலேயே கொடுத்துவிடுவார். நகராட்சி ஆள் வந்து எடுத்துப் போவார். மறுநாள் முடிவு.

இப்போது அந்த வேலை எவ்வளவோ விரிந்துவிட்டது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ ஒவ்வொன்றின் குதிகாலிலிருந்தும் சில சொட்டு ரத்தம் எடுத்துத் தடித்த தாளில் காயவைத்து, மாநிலத்தின் பச்சிளங்குழந்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பல மாநிலங்களில் அந்தக் கூடம் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது. ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் பிகேயு என்ற ஒரே நோய்க்காகத் தொடங்கி வைத்த வழக்கம் இது. பிகேயு உள்ள குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே உணவை மாற்றினால் மூளை தப்பும், விட்டால் போய்விடும். இன்றைக்கு அதே காய்ந்த பொட்டிலிருந்து டஜன் கணக்கில் நோய்களைப் பார்க்கிறார்கள். பெற்றோருக்கு இப்படி ஓர் ஆய்வகம் இருப்பதே தெரியாது. தெரிய நேர்ந்தால், அது நல்ல செய்தியாக இருக்காது.

கிருமி மட்டும் என்றும் இல்லை. 2019இல் இ-சிகரெட் பிடித்த இளைஞர்கள் நுரையீரல் கெட்டு மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். கிருமி எதுவும் கிடைக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் நியூயார்க் மாநிலத்தின் வாட்ஸ்வொர்த் ஆய்வகம் அவர்கள் பயன்படுத்திய கஞ்சா எண்ணெய்க் குப்பிகளைப் பிரித்துப் பார்த்து, வைட்டமின் இ அசிடேட் ஏராளமாக இருப்பதைச் சொன்னது. நவம்பரில் சிடிசி தன்னிடம் வந்த நுரையீரல் திரவ மாதிரிகளைச் சோதித்தது. 29இல் 29இலும் அதே பொருள். கண்டுபிடித்தவர்கள் வேதியியல் ஆட்கள்.

ஆக, கிருமி, ரசாயனம், மரபணு, உணவு, தண்ணீர் என்று எல்லாம் ஒரே கட்டடத்தில். இதற்கென்று ஒரு பட்டப்படிப்பு வைக்க முடியாது. வைத்தாலும், உயிருள்ள ஆந்த்ராக்ஸை எந்தக் கல்லூரி மாணவரின் கையில் கொடுக்கும்?

இதில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மனிதரிடமிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்து நோயறியும் ஆய்வகம் எதுவாக இருந்தாலும் 1988ஆம் ஆண்டின் கிளியா சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். யார் எந்தப் பரிசோதனையைத் தொடலாம் என்பதற்குத் தகுதி உண்டு. தொட ஆரம்பித்த பிறகும், சிக்கலான பரிசோதனை செய்பவரின் கைத்திறனை முதல் ஆண்டில் இரண்டு தடவையும், அப்புறம் ஆண்டுக்கு ஒரு தடவையும் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். உயர்சிக்கல் பரிசோதனை நடக்கும் ஆய்வகத்துக்கு, மருத்துவர் அல்லாத முனைவர் ஒருவர் இயக்குநராக வேண்டுமென்றால் பட்டத்துக்கு மேல் அங்கீகரிக்கப்பட்ட வாரியத் தேர்வும் தேறியிருக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு உட்கார ஆய்வக அனுபவம் கேட்பார்கள். அனுபவத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு அனுபவம் வேண்டும். நம் ஊர் வேலை விளம்பரங்களில் பார்த்துப் பழகிய அதே வட்டம்தான்.

உதவித்தொகையோடு ஆய்வகத்திலேயே வேலை பழகும் பயிற்சியான ஃபெலோஷிப் நுழைவது இந்த இடத்தில்தான். அது வந்த வழியைப் பார்த்தால், நல்ல திட்டமிடலால் வந்ததாகத் தெரியவில்லை. அடி வாங்கி வந்தது.

1992இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் மருத்துவ நிறுவனம், ஜோஷுவா லெடர்பெர்க், ராபர்ட் ஷோப் இருவரின் தலைமையில், புதிதாக எழும் தொற்றுநோய்கள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. தொற்றுநோய்க் காலம் முடிந்தது என்று நாடு மெத்தனமாக இருக்கிறது, கண்காணிப்பும் ஆய்வகங்களும் தேய்ந்து கிடக்கின்றன என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே மூன்று அடிகள். மேற்கு மாநிலங்களில் வேகாத ஹாம்பர்கர் தின்ற எழுநூறுக்கும் மேற்பட்டோருக்கு ஈ.கோலை கிருமி தொற்றியது, நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மில்வாக்கியில் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் கிருமியை டாக்டர் பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆய்வகங்கள் தேடும், கேட்பவர்கள் அரிது. நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கத்தில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். எலிகள் வழியாக வந்த, அதுவரை பெயரில்லாத ஒரு ஹன்டா வைரஸ்.

ஏபிஹெச்எல்லும் சிடிசியும் சேர்ந்து நடத்திய புதுத் தொற்றுநோய் ஆய்வக ஃபெலோஷிப் 1995இல் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். கல்லூரி முடித்த இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டாண்டு ஆராய்ச்சி என்று இரண்டு வழிகள். உதவித்தொகை கொடுத்து, ஒரு மாநில அல்லது உள்ளூர் ஆய்வகத்திலோ சிடிசியிலோ ஒரு வழிகாட்டியின் கீழ் உட்கார வைத்தார்கள். பின்னாளில் இது பொதுச் சுகாதார ஆய்வக ஃபெலோஷிப் என்று பெயர் மாறி, சுற்றுச்சூழல் வேதியியல், பச்சிளங்குழந்தைப் பரிசோதனை, மரபணுத் தரவைக் கணினியில் அலசும் உயிர்த்தகவலியல், தரநிர்வாகம், உயிரி-ஆபத்து மேலாண்மை என்று விரிந்தது.

உயிர்த்தகவலியல் ஏன் வந்தது என்பதற்கு ஹாம்பர்கர் கதைக்கே திரும்ப வேண்டும். அந்தக் கொள்ளை நோய்க்குப் பிறகு, 1996இல் பல்ஸ்நெட் என்ற வலையமைப்பு பிறந்தது. நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமியின் மரபணுவை வெட்டி, ஜெல்லில் ஓட்டி, வரும் கோடுகளைக் கைரேகை போல ஒப்பிடுவார்கள். ஒரே ரேகை வெவ்வேறு ஊர்களில் வந்தால், எங்கோ ஒரே உணவு விற்கிறது என்று பொருள். ஜெல் கோடுகளை அச்சடித்தாற்போல ஓட்ட வருடக்கணக்கில் கை பழக வேண்டும். 2019இல் பல்ஸ்நெட் முழு மரபணு வரிசைப்படுத்தலுக்கு மாறியது. ஜெல்லில் பழகிய கைகள் திடீரென்று கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. ஆய்வக மேசை வேலையும் தெரிந்து, கணினியும் தெரிந்த ஆளுக்கு மருந்து நிறுவனங்கள் தரும் சம்பளத்தை மாநில அரசு தராது. ஃபெலோவாக ஒருவரை உள்ளே இழுத்து, இந்த வேலையின் ருசியைக் காட்டி, தங்குவாரா என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

2014க்கு வருவோம். இந்தத் தடவை அடி விழுந்தது சிடிசிக்குள்ளேயே.

ஜூனில், அட்லாண்டாவில் உயிரி பயங்கரவாதத்துக்கான ஆய்வகம் ஒன்றில் ஆந்த்ராக்ஸ் கிருமியை அமிலத்தில் இட்டுக் கொன்று, அந்தச் சாற்றைப் பாதுகாப்பு குறைந்த வேறு ஆய்வகங்களுக்கு ஒரு புதுக் கருவியில் சோதிக்க அனுப்பினார்கள். 24 மணி நேரம் தட்டில் எதுவும் வளரவில்லை, ஆகவே செத்துவிட்டது என்று முடிவு. ஆந்த்ராக்ஸ், ஸ்போர் என்ற கடின ஓட்டு வித்தாக மாறி ஒளிந்துகொள்ளும் கிருமி. மற்ற பாக்டீரியாவுக்குப் போதுமான முறை அதற்குப் போதாது. ஒரு வாரம் கழித்துத் தட்டுகளைத் தூக்கியெறிய எடுத்தபோது, அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது. அதற்குள் பல டஜன் ஊழியர்கள் தக்க கவசமில்லாமல் அந்த ஆய்வகங்களில் வேலை பார்த்திருந்தார்கள். நல்லவேளையாக யாரும் நோயில் விழவில்லை.

ஜூலையில் இன்னொன்று வெளிவந்தது. சாதாரணப் பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று சிடிசி வேளாண்துறைக்கு அனுப்பிய குப்பியில் கொடிய எச்5என்1 கலந்திருந்தது. கீழே இருந்தவர்களுக்கு மே மாதமே தெரியும். இயக்குநர் டாம் ஃப்ரீடனின் காதுக்கு வந்தது ஜூலையில்தான். அதே ஜூலைத் தொடக்கத்தில், மேரிலாந்தில் அரசு வளாகம் ஒன்றின் குளிர் அறையில் 1950களில் வைத்து மறந்த பெரியம்மைக் குப்பிகள் கிடைத்தன. அது வேறு துறையின் பிழை என்றாலும், சேர்த்துத்தான் கேள்வி கேட்டார்கள்.

ஃப்ரீடன் சிடிசியின் அந்த இரண்டு ஆய்வகங்களையும் மூடினார். பிறகு நடந்த விசாரணைகளில் தெரிந்தது, அந்த விஞ்ஞானிகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர் என்பது. கிருமி செத்ததா என்று உறுதிசெய்ய எழுதி ஒப்புதல் வாங்கிய முறை இல்லை, பிழை நடந்தால் மேலே சொல்லும் பழக்கம் இல்லை. இவை யாரும் பாடமாக நடத்தாத விஷயங்கள். 2015இல் சிடிசி, ஆய்வகத் தலைமைப் பணி என்ற எல்எல்எஸ் ஃபெலோஷிப்பைத் தொடங்கியது. முனைவர் பட்டம் முடித்து வேலைவாழ்க்கையின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள். உயிரியல் பாதுகாப்பு, தரநிர்வாகம், நிர்வாகத் தலைமை, இவற்றோடு கொள்ளைநோய் நடக்கும் இடத்துக்கே போய் வேலை செய்வது.

இதன் அச்சு பழையது. சிடிசியின் நோய்ப் புலனாய்வாளர் படை, ஈஐஎஸ், 1951இல் கொரியப் போர்க் காலத்தில் அலெக்ஸாண்டர் லாங்முயர் உருவாக்கியது. அதன் சின்னம் உள்ளங்காலில் ஓட்டை விழுந்த ஒரு காலணி. செருப்புத் தேய அலைந்து நோயைத் துப்பறிவார்கள் என்று அர்த்தம். அழகான சின்னம்தான். அந்த அலைச்சலில் சேகரித்த மாதிரியை வாங்கி, குனிந்த தலை நிமிராமல் சோதித்துச் சொல்கிற ஆளுக்கு அதே போன்ற இரண்டாண்டுப் பயிற்சி வர 64 ஆண்டுகள் ஆயின. ஐரோப்பாவிலும் இதே வரிசைதான். களத் தொற்றுநோயியல் பயிற்சியான எபியட் 1995இல் வந்தது, அதன் ஆய்வக ஜோடியான யூஃபெம் 2008இல். நம் பக்கமும் முதலில் வந்து சேர்ந்தது புலனாய்வாளர் மரபே. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் களப் பயிற்சியை 2001இல் ஆரம்பித்தது. சிடிசியின் துணையோடு இந்திய ஈஐஎஸ் டெல்லியில் 2012இல் தொடங்கியது. அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்க 1899இல் எழுந்த கிண்டி கிங் நிலையம் என்ற ஆய்வகத்தை, கொரோனா வரும்வரை எத்தனை சென்னைவாசிகள் நினைத்திருப்பார்கள்?

ஃபெலோவின் ஓராண்டு எப்படிப் போகும் என்று கேட்டால், வெளியிலிருந்து பார்க்கச் சலிப்பாக இருக்கும். முதலில் பாதுகாப்புப் பயிற்சி, எழுதி வைத்த செயல்முறைகளைப் படித்துக் கையெழுத்து. பிறகு ஒரு திட்டம். பெரும்பாலும், புதிய பரிசோதனை ஒன்றைப் பழையதோடு ஒப்பிட்டுச் செல்லுபடியாக்குவது. தெரிந்த பாசிட்டிவ், தெரிந்த நெகட்டிவ் மாதிரிகளைத் திரும்பத் திரும்ப, வேறு வேறு நாட்களில், வேறு வேறு கைகளால் ஓட்டுவது. எந்த அளவுக்குக் கீழே போனால் இந்தப் பரிசோதனை கண்ணை மூடிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது. பக்கத்துக் கிருமி எதையாவது பார்த்து ஏமாறுகிறதா என்று சோதிப்பது. இது எந்தப் பெரிய ஆராய்ச்சி இதழிலும் வராது. ஆனால் 2020இல் தண்ணீரை ஓட்டிப் பார்த்ததே இந்தப் பழக்கம்தான். பிறர் கொடுத்த கிட்டைச் சந்தேகப்படுவது சுலபம். தன் கையால் செய்து, தான் விரும்பிய முடிவையே காட்டும் பரிசோதனையைச் சந்தேகப்பட ஒரு மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் வரும்.

திட்டத்தின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. மூத்தவருக்கு நேரம் வேண்டும். பெரிய மாநில ஆய்வகத்தில் அது கிடைக்கும். நாலைந்து பேரே இருக்கிற சிறிய உள்ளூர் ஆய்வகத்தில், சொல்லிக்கொடுக்க வேண்டியவரே மாதிரி வாங்கிப் பதிவும் செய்துகொண்டிருப்பார். ஆள் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் ஃபெலோவை வைத்துக்கொள்ள வசதி இல்லை. கலிஃபோர்னியாவில் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆய்வகங்களுக்கு இயக்குநரே கிடைக்காமல் போய், வருங்கால இயக்குநர்களை வளர்க்க மாநிலமே லேப்ஆஸ்பயர் என்று தனியாக ஒரு ஃபெலோஷிப் தொடங்க வேண்டி வந்தது.

ஓராண்டு முடிந்ததும் இன்னொரு சிக்கல். ஃபெலோவுக்கு வேலை அத்துப்படி, ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும், ஆனால் மாநில நிதிநிலையில் பணியிடம் இருக்காது. ஃபெலோஷிப் பணம் ஒரு பையிலிருந்து வருகிறது, நிரந்தரச் சம்பளம் இன்னொரு பையிலிருந்து. இந்த இரண்டையும் இணைக்காமல் பயிற்சியை மட்டும் பெருக்கினால், மாநில ஆய்வகங்கள் தனியார் நிறுவனங்களுக்கு ஆள் பழக்கிக் கொடுக்கும் இடமாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

கொரோனாவுக்குப் பிறகு பணம் கொட்டியது. 2021 மே மாதம், பொதுச் சுகாதாரத்துக்கு ஆள் சேர்க்கவும் பயிற்சி தரவும் 740 கோடி டாலர் என்று பைடன் அரசு அறிவித்தது. ஆய்வக ஃபெலோஷிப் பெரிதானது அந்த அலையில்தான். அது அவசரகாலப் பணம், ஒருநாள் தீரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 1990களிலும், 2001இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் வந்து 22 பேரைத் தொற்றி 5 பேர் இறந்தபோதும் இதேதான். கொள்ளைநோய் வந்தால் பணம் வரும், மறந்தால் போகும். ஆய்வக ஆளை உருவாக்கப் பிடிக்கும் காலமோ அந்த மறதியைவிட நீளம்.

2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு, பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத மத்திய அரசு ஊழியர்களைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியது. சிடிசியில் ஈஐஎஸ் படைக்கும் கத்தி விழும் என்று முதலில் செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, துப்பறிவாளர்கள் தப்பினார்கள். எல்எல்எஸ் ஃபெலோக்களுக்கு அந்தக் கூச்சல் கிடைக்கவில்லை. நீக்கக் கடிதங்கள் போயின. மார்ச் முதல் வாரத்தில், நீக்கியவர்களில் சுமார் 180 பேருக்கு மறுபடி வேலைக்கு வரும்படி மின்னஞ்சல் போயிற்று. எல்எல்எஸ் ஃபெலோக்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். உடனடியாகத் திரும்பலாம், ஏற்பட்ட இடைஞ்சலுக்கு வருந்துகிறோம் என்றது அந்த மின்னஞ்சல்.